தொடர்புடைய ஆங்கிலச் சொற்களை ஒப்பிட்டுக் கற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

‘சே’, ‘டெல்’, ‘ஸ்பீக்’, ‘டாக்’ என்னும் நான்கு சொற்களுக்கும் பொருள் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடும் மாணவர், எழுத உட்கார்ந்ததும் ‘ஹீ டோல்ட் டு மீ’ என்றும் ‘ஹீ செட் மீ’ என்றும் எழுதிவிடுகிறார். அவருக்குப் பொருள் தெரியும். ஒரு சொல் வாக்கியத்தில் தன் பின்னே எதை ஏற்கும், எதை ஏற்காது என்பது தெரியாது. ஆகவே இந்த வழிகாட்டி ஒரு வரிசையை விடாமல் வலியுறுத்துகிறது: முதலில் சொல்லின் இலக்கண அமைப்பு, அதன் பின்னரே பொருள் நுணுக்கம்.

அமைப்பைப் பற்றிய கேள்விக்கு ஆம், இல்லை என்று தெளிவான விடை கிடைக்கும். அதை அகராதியில் சரிபார்க்கவும் முடியும். பொருள் நுணுக்கமோ இடத்துக்கு இடம் சாயல் மாறும் தன்மையது. அதிலிருந்து தொடங்குபவர்கள் நீண்ட விளக்கங்களைப் படித்துக் களைத்துப் போகிறார்கள். அமைப்பிலிருந்து தொடங்குபவர்களுக்கோ பல சொல் இணைகள் பொருளாராய்ச்சிக்குப் போகும் முன்பே பிரிந்து நின்றுவிடுகின்றன.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். எழுத்துக்கூட்டலும் கற்க வேண்டிய ஒன்றே.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கென்று தொகுக்கப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று கட்டாயம் தேவை. இத்தகைய அகராதிகள் எளிய சொற்களால் பொருள் விளக்குவதோடு, பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா இல்லையா, வினைச்சொல் செயப்படுபொருளை ஏற்குமா ஏற்காதா என்பதையும் சிறு குறியீடுகளால் காட்டும். அகராதியின் முன்பக்கங்களில் இக்குறியீடுகளுக்கான விளக்கம் இருக்கும். பெரும்பாலானோர் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் முதலில் படிக்க வேண்டிய பகுதி அதுதான்.

ஆங்கில–தமிழ் அகராதியை விலக்க வேண்டியதில்லை. ஆனால் அதை ஒரு சொல்லை முதன்முதலாக அறிந்துகொள்ள மட்டுமே பயன்படுத்துங்கள். ‘ஹியர்’, ‘லிசன்’ இரண்டுக்கும் ‘கேள்’ என்றே பொருள் தரும் நூல், அவ்விரண்டையும் வேறுபடுத்த உதவாது.

மூன்றாவது தேவை ஒரு மொழித்தொகுப்பு, அதாவது மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய வாக்கியங்களின் தேடத்தக்க திரட்டு. ஏறத்தாழ 10 கோடிச் சொற்களைக் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ் போன்றவற்றை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இது ஒன்பதாம் படியில்தான் தேவைப்படும் என்பதால், தொடக்கத்தில் அதற்குள் நுழைய வேண்டாம்.

2. தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்கிச் சொற்குழுவை வரையறுத்தல்

ஒப்பிட வேண்டிய சொற்களை ஆங்கில ஒருபொருட் பன்மொழி அகராதியிலிருந்து எடுக்காதீர்கள். அது ஒரு சொல்லுக்கு இருபது சொற்களை அடுக்கும்; அவற்றுள் பெரும்பாலானவற்றை நீங்கள் குழப்பிக்கொள்ளவே போவதில்லை. குழப்பம் பிறக்கும் இடம் வேறு. ஒரு தமிழ்ச் சொல் பல ஆங்கிலச் சொற்களின் பரப்பை ஒன்றாக மூடிக்கொள்ளும் இடமே அது.

‘கேள்’ என்னும் வினையைப் பாருங்கள். வினவுவது ‘ஆஸ்க்’, ஒலி தானாகக் காதில் விழுவது ‘ஹியர்’, கவனம் செலுத்திக் கேட்பது ‘லிசன்’. ‘பார்’ என்பது ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ என மூன்றாகப் பிரிகிறது. ‘படி’ என்பது ‘ரீட்’ ஆகவும் ‘ஸ்டடி’ ஆகவும் இருக்கலாம். ‘வேண்டும்’ என்னும் ஒரு சொல்லுக்குள் ‘வான்ட்’, ‘நீட்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ ஆகிய நான்கும் அடங்கிக் கிடக்கின்றன.

இவ்வாறு ஒரு தமிழ்ச் சொல்லைத் தலைப்பாக எழுதி, அதன் கீழ் இரண்டு முதல் நான்கு ஆங்கிலச் சொற்களை மட்டும் வையுங்கள். நான்குக்கு மேல் போனால் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிடும் வேலை பெருகி, கடைசியில் எதுவும் நினைவில் நிற்காது.

3. சொல்வகையைச் சரிபார்த்தல்

குழுவில் உள்ள சொற்கள் எல்லாம் ஒரே சொல்வகையைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். இது சிறிய படி. ஆனால் சில குழப்பங்கள் இங்கேயே முடிந்துவிடும்.

‘அஃபெக்ட்’ பெரும்பாலும் வினைச்சொல், ‘எஃபெக்ட்’ பெரும்பாலும் பெயர்ச்சொல். ‘டியூரிங்’ என்பதன் பின் பெயர்ச்சொல் வரும். ‘வைல்’ என்பதன் பின் எழுவாயும் வினையும் கொண்ட தொடர் வரும். இதே வேறுபாடு ‘பிகாஸ் ஆஃப்’, ‘பிகாஸ்’ இடையிலும், ‘டெஸ்பைட்’, ‘ஆல்தோ’ இடையிலும் இருக்கிறது. ‘மழை பெய்தபோதிலும்’ என்பதற்கு ‘ஆல்தோ இட் ரெய்ன்ட்’ என்றும் ‘டெஸ்பைட் த ரெய்ன்’ என்றும் எழுதலாம். ‘டெஸ்பைட் இட் ரெய்ன்ட்’ என்று எழுத முடியாது. இவ்விணைகளில் பொருள் ஏறக்குறைய ஒன்றே என்பதால், பொருளை ஆராய்ந்து வேறுபாட்டைத் தேடுபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

4. வினையானால், அதன் பின்னே வருவதைப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. ஒவ்வொரு வினைக்கும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். இதன் பின் பெயர்ச்சொல் நேரடியாக வருமா? வந்தால் அது ஆளா, பொருளா? நேரடியாக வராவிட்டால் இடையில் எந்த முன்னிடைச்சொல் (‘டு’, ‘இன்’, ‘அட்’ போன்று பெயருக்கு முன் வரும் சொல்) வேண்டும்?

‘சொல்’ குழுவில் இதைச் செய்து பார்ப்போம். ‘டெல்’ தன் பின்னே கேட்கும் ஆளை நேரடியாக ஏற்கும்: ‘ஹீ டோல்ட் மீ’. இடையில் ‘டு’ வராது. ‘சே’ சொல்லப்பட்ட செய்தியை நேரடியாக ஏற்கும். ஆளைக் குறிப்பிட வேண்டுமானால் ‘டு’ தேவை: ‘ஹீ செட் டு மீ’. ஆளைக் குறிப்பிட விரும்பாத இடங்களில் ‘சே’ இயல்பாக அமைவது இதனால்தான். ‘ஸ்பீக்’, ‘டாக்’ இரண்டும் ஆளை ‘டு’ அல்லது ‘வித்’ கொண்டே இணைக்கும். செய்தியைத் தொடராக ஏற்பதில்லை. ஆகவே ‘அவர் வருவதாகச் சொன்னார்’ என்பதை ‘ஸ்பீக்’ கொண்டோ ‘டாக்’ கொண்டோ எழுதவே முடியாது. மொழியின் பெயரை நேரடியாக ஏற்பது ‘ஸ்பீக்’ மட்டுமே: ‘ஷீ ஸ்பீக்ஸ் தமிழ்’.

விதியை எழுதியதும் விலக்குகளையும் உடனே எழுதிவிடுங்கள். ‘டெல்’ ஆள் இல்லாமல் வரும் சில நிலையான தொடர்கள் உண்டு: ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் அ லை’, ‘டெல் அ ஸ்டோரி’, ‘டெல் த டைம்’. இவற்றைத் தனித்தனிச் சொற்களாக அல்லாமல் முழுத் தொடர்களாகவே மனத்தில் இருத்த வேண்டும். விலக்குகளைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தால், அவற்றை முதன்முதலாகச் சந்திக்கும்போது விதியே தவறென்று நினைத்துக் கைவிட நேரும்.

இனி ‘கேள்’ குழு. ‘ஆஸ்க்’ ஆளை நேரடியாக ஏற்கிறது: ‘ஐ ஆஸ்க்ட் ஹிம்’. ‘ஹியர்’ ஒலியையோ ஆளையோ நேரடியாக ஏற்கிறது. ‘லிசன்’ மட்டும் ‘டு’ இல்லாமல் எதையும் ஏற்காது. ஆகவே ‘லிசன் மீ’ தவறு, ‘ஆஸ்க் டு மீ’யும் தவறு. இரண்டு பிழைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் ‘டு’ விடுபடுகிறது, மற்றோரிடத்தில் தேவையின்றி நுழைகிறது.

தேவையற்ற முன்னிடைச்சொல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தமிழின் வேற்றுமை உருபிலிருந்தும் சொல்லுருபிலிருந்தும்தான். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’, ‘டிஸ்கஸ் அபவுட்’ ஆகிறது. ஆனால் ‘டிஸ்கஸ்’ செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். ‘அறைக்குள் நுழைந்தான்’ என்பதில் உள்ள ‘உள்’, ‘என்டர் இன்டு த ரூம்’ ஆகிறது. ‘என்டர் த ரூம்’ என்றாலே போதும். ‘ரீச்’ என்பதும் அப்படியே இடப்பெயரை நேரடியாக ஏற்கும். அதே பொருளுடைய ‘அரைவ்’ மட்டும் ஊர், நாடு ஆகியவற்றுக்கு ‘இன்’, நிலையம், கட்டடம் போன்ற இடங்களுக்கு ‘அட்’ கேட்கும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. ‘எனக்கு விளக்குங்கள்’ என்பதை ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்றும், ‘எனக்குப் பரிந்துரை செய்யுங்கள்’ என்பதை ‘சஜெஸ்ட் மீ’ என்றும் எழுதுவோர் மிகப் பலர். இவ்விரு வினைகளும் ஆளை நேரடியாக ஏற்பதில்லை. ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’ என்று ‘டு’ வழியாகவே ஏற்கின்றன. ‘டெல் மீ’, ‘கிவ் மீ’, ‘ஷோ மீ’ சரியாக இருப்பதால் இவையும் சரியாக இருக்கும் என்னும் ஒப்புமைதான் இங்கே வழி தவறச் செய்கிறது.

இதே படியில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: ஒரு வினையின் பின் மற்றொரு வினை வருமானால் அது ‘டு’ உடன் வருகிறதா, ‘இங்’ ஈற்றோடு வருகிறதா? ‘என்ஜாய்’, ‘அவாய்ட்’ ஆகியவை ‘இங்’ வடிவத்தை மட்டுமே ஏற்கும். ‘ஸ்டாப்’, ‘ரிமெம்பர்’ ஆகியவற்றில் இரண்டும் இயலும். ஆனால் பொருள் மாறிவிடும். ‘ஹீ ஸ்டாப்ட் டாக்கிங்’ என்றால் பேசுவதை நிறுத்தினார். ‘ஹீ ஸ்டாப்ட் டு டாக்’ என்றால் பேசுவதற்காக நின்றார். ‘ரிமெம்பர்’ என்பதில் ‘டு’ இனிச் செய்ய வேண்டியதையும், ‘இங்’ ஏற்கெனவே செய்ததையும் குறிக்கும்.

5. தன்வினையா, பிறவினையா என்று பிரித்தல்

‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ இணையும், ‘லை’, ‘லே’ இணையும் உலகெங்கும் ஆங்கிலம் கற்போரைத் திணறவைப்பவை. தமிழ் அறிந்தவருக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. எழு – எழுப்பு, உருள் – உருட்டு, கிட – கிடத்து என்று தன்வினையையும் பிறவினையையும் நாம் இயல்பாகவே பிரித்துப் பேசுகிறோம். ‘ரைஸ்’ என்பது எழு; ‘ரெய்ஸ்’ என்பது எழுப்பு அல்லது உயர்த்து. ‘லை’ என்பது கிட. ‘லே’ என்பது கிடத்து அல்லது வை. மற்ற குழுக்களில் தமிழ் ஒரு சொல்லால் மூடிவிடுவதை, இங்கே தமிழே பிரித்துக் காட்டுகிறது.

பொருள் விளங்கிய பின்னும் பிழை நேர்வது காலவடிவங்களால்தான். ஆகவே மூன்று வடிவங்களையும் சேர்த்தே எழுதுங்கள். ‘ரைஸ், ரோஸ், ரிஸன்’ ஒரு வரிசை. ‘ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட்’ மற்றொன்று. ‘லை, லே, லெய்ன்’ என்பது கிடத்தலைக் குறிப்பது. ‘லே, லெய்ட், லெய்ட்’ என்பது கிடத்துதலைக் குறிப்பது. முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாம் வினையின் நிகழ்காலமும் ஒரே வடிவம் என்பதே முழுக் குழப்பத்துக்கும் வேர். பொய் சொல்வதைக் குறிக்கும் ‘லை’ வேறொரு வினை. அது ஒழுங்கான முறையில், ஈற்றில் ‘டி’ எழுத்தைச் சேர்த்து இறந்தகாலம் ஆகும்.

ஐயம் வந்தால் செயப்பாட்டு வினையாக மாற்றிப் பாருங்கள். ‘கொடி ஏற்றப்பட்டது’ என்பது ‘த ஃப்ளாக் வாஸ் ரெய்ஸ்ட்’ என்று அமையும். ‘வாஸ் ரிஸன்’ அமையாது. செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டு வடிவம் இல்லை என்பதால் இந்தச் சோதனை நம்பத்தக்கது.

எல்லா வினைக்கும் இத்தகைய இணையைத் தேட வேண்டாம். ‘ஓபன்’, ‘பிரேக்’, ‘சேஞ்ச்’ போன்றவை ஒரே வடிவிலேயே திற, திறந்துகொள், உடை, உடைந்துபோ, மாற்று, மாறு என்னும் இரு வேலைகளையும் செய்கின்றன.

6. பெயரானால், எண்ணத்தக்கதா என்று பார்த்தல்

‘அட்வைஸ்’, ‘சஜெஷன்’ இரண்டும் பொருளில் நெருங்கியவை. ஆனால் முதலாவது எண்ணத்தகாதது. அதன் முன் ‘ஆன்’ வராது, பின் பன்மை ‘எஸ்’ வராது. இரண்டாவதன் முன் ‘அ’ வரும், பின் ‘எஸ்’ வரும். ‘வொர்க்’, ‘ஜாப்’ இடையிலும் ‘டிராவல்’, ‘ஜர்னி’ இடையிலும் இதே வேறுபாடு. ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’, ‘எக்விப்மென்ட்’, ‘ஹோம்வொர்க்’ ஆகியவற்றையும் எண்ணத்தகாதவை என்று குறித்துக்கொள்ளுங்கள். தகவல்கள், உபகரணங்கள் என்று தமிழில் பன்மையில் சொல்லிப் பழகியதால் இவற்றோடு ‘எஸ்’ தானாக ஒட்டிக்கொள்கிறது.

சில பெயர்களுக்கு இரு நிலையும் உண்டு. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ எண்ணத்தகாத நிலையில் பணிப் பட்டறிவையும், எண்ணத்தக்க நிலையில் நேர்ந்த ஒரு தனி நிகழ்வையும் குறிக்கும். அகராதிக் குறியீட்டை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இதைத் தீர்மானித்துவிட்டால் அளவைச் சொற்களும் தாமே இடம் பிரியும். ‘மெனி’, ‘ஃபியூ’, ‘ஃபியூவர்’ எண்ணத்தக்கவற்றோடும், ‘மச்’, ‘லிட்டில்’, ‘லெஸ்’ எண்ணத்தகாதவற்றோடும் சேரும். தொலைவு, பணம், காலம் ஆகியவற்றின் அளவை ஒட்டுமொத்தமாகக் கருதும்போது, எண் இருந்தாலும் ‘லெஸ் தேன்’ என்பதே இயல்பு. ‘ஃபியூ’ என்பதற்கும் ‘அ ஃபியூ’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தவறவிடாதீர்கள். முன்னது ‘மிகச் சிலரே, போதவில்லை’ என்னும் குறையையும், பின்னது ‘சிலர் இருக்கிறார்கள்’ என்னும் இருப்பையும் உணர்த்தும். ‘லிட்டில்’, ‘அ லிட்டில்’ இணையும் அவ்வாறே.

7. காலச் சொற்களை வினையின் காலத்தோடு சேர்த்து ஒப்பிடுதல்

‘ஃபார்’, ‘சின்ஸ்’ இரண்டையும் தனியே ஒப்பிட்டால் எளிதாகத் தோன்றும். ‘ஃபார்’ கால நீட்சியைக் குறிக்கும், ‘சின்ஸ்’ தொடக்கப் புள்ளியைக் குறிக்கும். தமிழில் ‘ஐந்து ஆண்டுகளாக’ என்பது முன்னதற்கும், ‘2015 முதல்’ என்பது பின்னதற்கும் நிகர். இவ்வளவு தெரிந்தவரும் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுவது ஏன்?

அவ்வாக்கியத்தில் இரு பிழைகள் உள்ளன. நீட்சிக்கு ‘சின்ஸ்’ வந்திருப்பது ஒன்று. ‘வசிக்கிறேன்’ என்னும் தமிழ் நிகழ்காலம் அப்படியே ஆங்கில நிகழ்காலமாகப் போயிருப்பது மற்றொன்று. முன்பு தொடங்கி இன்று வரை நீளும் செயலுக்கு ஆங்கிலம் ‘ஹேவ்’ துணைவினையைக் கேட்கிறது: ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. ‘ஹேவ்’ நீங்கி ‘ஐ லிவ்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று வந்தால், அந்த வாசம் முடிந்துவிட்டது என்று பொருள். ஆகவே காலச் சொல்லை மட்டும் எழுதிவைக்காமல், வினையோடு கூடிய முழு வாக்கியத்தையே எழுதிவையுங்கள்.

‘முன்’ என்னும் தமிழ்ச் சொல் ‘அகோ’, ‘பிஃபோர்’ இரண்டையும் மூடுகிறது. ‘அகோ’ இந்தக் கணத்திலிருந்து பின்னோக்கி எண்ணும். எளிய இறந்தகாலத்தோடு வரும். கடந்தகாலத்தின் வேறொரு புள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ண ‘பிஃபோர்’ வரும். அதனோடு பெரும்பாலும் ‘ஹேட்’ சேரும்.

‘பை’, ‘அன்டில்’ இணைக்குத் தமிழ் நல்ல துணை. ‘ஐந்து மணிக்குள்’ என்றால் ‘பை’, ‘ஐந்து மணி வரை’ என்றால் ‘அன்டில்’. காத்திரு, தங்கு போன்ற நீடிக்கும் செயல்கள் ‘அன்டில்’ என்பதோடும், முடி, ஒப்படை போன்ற ஒருமுறை நிகழும் செயல்கள் ‘பை’ என்பதோடும் பொருந்தும்.

8. எதிர்மறையாகவும் வினாவாகவும் மாற்றிப் பார்த்தல்

உடன்பாட்டு வாக்கியத்தில் ஒன்றுபோல் தோன்றும் சொற்கள், எதிர்மறையில் வெகுதூரம் விலகிவிடுவதுண்டு. இந்தப் படியைச் செய்வோர் குறைவு, பலனோ மிகுதி.

‘யூ மஸ்ட் கோ’, ‘யூ ஹேவ் டு கோ’ இரண்டும் ‘நீங்கள் போக வேண்டும்’ என்பதே. எதிர்மறையாக்குங்கள். ‘யூ மஸ்ட் நாட் கோ’ என்பது ‘போகக் கூடாது’ என்னும் தடை. ‘யூ டோன்ட் ஹேவ் டு கோ’ என்பது ‘போக வேண்டியதில்லை’ என்னும் விடுவிப்பு, போனாலும் குற்றமில்லை. இதைக் குழப்பினால், விருப்பத்துக்கு விட்டதைத் தடுத்ததாகவும், தடுத்ததை விருப்பத்துக்கு விட்டதாகவும் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

‘இன்னும்’ என்பதன் கீழ் வரும் ‘ஸ்டில்’, ‘யெட்’ இரண்டையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். தொடரும் நிலைக்கு ‘ஸ்டில்’: ‘ஹீ இஸ் ஸ்டில் ஹியர்’. நிகழாத எதிர்பார்ப்புக்கும் வினாவுக்கும் ‘யெட்’: ‘ஹீ ஹேஸ் நாட் கம் யெட்’. எதிர்மறையில் ‘ஸ்டில்’ வருமானால் அது துணைவினைக்கு முன்னே நின்று, ‘இவ்வளவு நேரமாகியும் வரவில்லையே’ என்னும் பொறுமையின்மையைச் சேர்க்கும். ‘நானும்’ என்பதில் உள்ள ‘உம்’ உடன்பாட்டில் ‘டூ’ ஆகவும், எதிர்மறையில் ‘ஈதர்’ ஆகவும் மாறும்.

9. எஞ்சிய வேறுபாட்டைப் பொருளிலும் சொற்சேர்க்கையிலும் தேடுதல்

இதுவரை பிரியாத சொற்களை மட்டும் இங்கே கொண்டு வாருங்கள். ஒரு வாக்கியத்தை எடுத்து, ஒரு சொல்லின் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பாருங்கள். மூன்று முடிவுகளில் ஒன்று கிடைக்கும்: பொருள் மாறாது, பொருள் மாறும், அல்லது வாக்கியம் இயல்பிழக்கும்.

பொருள் மாறுமானால், எது மாறியது என்று கேளுங்கள். சில இணைகளில் திசை மாறும். ‘பாரோ’ என்பது இரவல் வாங்குதல், ‘லென்ட்’ என்பது இரவல் கொடுத்தல். ‘பிரிங்’ என்பது கொண்டு வருதல், ‘டேக்’ என்பது கொண்டு போதல். தமிழ் இவற்றைத் தெளிவாகப் பிரிப்பதால் நீண்ட பயிற்சி வேண்டியதில்லை. சில குழுக்களில் முனைப்பு மாறும். ‘சீ’ என்பதில் காட்சி தானாகக் கண்ணில் படுகிறது. ‘லுக் அட்’ என்பதில் பார்வையை நாமே செலுத்துகிறோம். ‘வாட்ச்’ என்பதில் நகர்வதையோ மாறுவதையோ தொடர்ந்து பார்க்கிறோம். சிலவற்றில் உண்மைநிலை மாறும். ‘ஹோப்’ நடக்கக்கூடியதைக் குறிக்கும். ‘விஷ்’ தன் பின்னே இறந்தகால வடிவத்தை ஏற்கும்போது, இப்போது இல்லாததைக் குறிக்கும்: ‘ஐ விஷ் ஐ நியூ’ என்றால், ‘எனக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் தெரியாது’ என்பது கருத்து.

வாக்கியம் இயல்பிழக்குமானால் அது சொற்சேர்க்கையின் வேலை. பலத்த மழைக்கு ‘ஹெவி ரெய்ன்’, பலத்த காற்றுக்கு ‘ஸ்ட்ராங் விண்ட்’. ஆளுக்கும் மரத்துக்கும் ‘டால்’, மலைக்கும் விலைக்கும் ‘ஹை’. ‘மேக் அ மிஸ்டேக்’, ‘மேக் அ டிசிஷன்’ என்பவை வழக்கு. ‘டூ’ என்பதோ ‘ஹோம்வொர்க்’, ‘டேமேஜ்’ ஆகியவற்றோடு சேரும். ‘மேக்’ ஆக்குவது, ‘டூ’ செய்வது என்னும் பொது விளக்கம் ஓரளவே கைகொடுக்கும். மற்றவற்றைத் தொடர்களாகவே கற்க வேண்டும். மொழித்தொகுப்பு பயன்படுவது இங்கேதான். இரு சேர்க்கைகளையும் தேடி, எது மிகுதியாக வருகிறது என்று பாருங்கள். எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் சில வாக்கியங்களையாவது படியுங்கள், ஏனெனில் தேடிய சொற்கள் தற்செயலாக அடுத்தடுத்து வந்திருக்கவும் கூடும்.

10. குறிப்பேட்டில் பதிவு செய்தல்

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே தமிழ்ச் சொல். அதன் கீழ் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் அதன் வாக்கியச் சட்டகம், நீங்களே எழுதிய ஒரு சரியான வாக்கியம், நீங்கள் உண்மையில் எழுதக்கூடிய ஒரு தவறான வாக்கியம், அது தவறாவதற்கான காரணம்.

‘டெல்’ என்பதற்கான பதிவு இவ்வாறு அமையும். சட்டகம்: டெல், ஆள், செய்தி. சரியானது: ‘ஷீ டோல்ட் மீ த நியூஸ்’. தவறானது: ‘ஷீ டோல்ட் டு மீ த நியூஸ்’. காரணம்: ‘என்னிடம்’ என்பதன் உருபு ‘டு’ ஆக நுழைந்துவிட்டது. விலக்கு: உண்மை, பொய், கதை, நேரம்.

தவறான வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்துவையுங்கள். அடிக்காமல் விட்டால், சில வாரங்கள் கழித்துப் புரட்டும்போது அதுவே சரியென்று மனத்தில் பதியக்கூடும். பொருள் விளக்கத்தைக் கடைசியாக, ஒரே வரியில் எழுதுங்கள்.

11. கற்போர் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள்

அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுவது மிகப் பரவலான பிழை. ‘ரன்’ போன்ற சொல்லுக்கு ஓடுதல் என்னும் பொருளில் செயப்படுபொருள் தேவையில்லை. நிறுவனத்தை நடத்துதல் என்னும் பொருளில் அது கட்டாயம் தேவை. எந்தப் பொருளை ஒப்பிடுகிறோம் என்பதை முதலிலேயே உறுதி செய்யாவிட்டால், நான்காம் படியின் விடைகள் ஒன்றோடொன்று முரண்படும்.

பிரிட்டிஷ் வழக்கையும் அமெரிக்க வழக்கையும் கலப்பது மற்றொன்று. ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’ ஆகியவற்றோடு பிரிட்டிஷ் ஆங்கிலம் பெரும்பாலும் ‘ஹேவ்’ துணைவினையைப் பயன்படுத்தும். அமெரிக்க ஆங்கிலத்தில் எளிய இறந்தகாலமும் இயல்பு. ‘டிஃபரன்ட்’ என்பதன் பின் ‘ஃப்ரம்’ இரு வழக்குகளிலும் ஏற்கப்படும். ‘டு’ பிரிட்டிஷ் வழக்கிலும், ‘தேன்’ அமெரிக்க வழக்கிலும் காணப்படும். இவற்றைச் சரி, தவறு என்று எழுதாமல், வழக்கின் பெயரைக் குறித்து எழுதுங்கள்.

ஒரே நாளில் பல குழுக்களை முடிக்க முயல்வதும் கேடு. குறிப்பாக ‘லை – லே’, ‘ரைஸ் – ரெய்ஸ்’ போன்று அமைப்பில் ஒத்த இணைகளை அடுத்தடுத்துக் கற்றால் அவை தமக்குள் கலந்துவிடும். ஓர் இணை எழுத்தில் தவறின்றி வரத் தொடங்கிய பிறகு அடுத்ததை எடுங்கள்.

வந்துவிட்டதா என்று அறிய, தமிழ் வாக்கியங்கள் சிலவற்றை எழுதிச் சில நாள் ஒதுக்கிவைத்து, பின்னர் குறிப்பேட்டைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு குழுவின் வாக்கியங்கள் மட்டும் வரிசையாக இருந்தால் விடையை ஊகித்துவிடலாம் என்பதால், மூன்று நான்கு குழுக்களைக் கலந்து வையுங்கள். பிழை வந்தால் அந்தக் குழுவின் பக்கத்துக்குத் திரும்பி, பொருள் வரியை விட்டுவிட்டு வாக்கியச் சட்டகத்தை முதலில் பாருங்கள்.